கம்பெனி ஆரம்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் தங்கை மகனும் என்னிடம் படித்த மாணவன் ஒருவனும் சேர்ந்து நடத்தும் சாப்ட்வேர் கம்பெனியின் போட்டோவைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு உள்பெட்டியில் ஒன்பது பேர் எழுதிவிட்டீர்கள். "டீச்சர், நானும் வேலையை விட்டுட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்" என்று நாலு பேர். "அக்கா, எம் மகனும் இதே பேச்சாத்தான் இருக்கான், என்ன சொல்லட்டும்?" என்று சொந்தக்காரர்கள். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்த உச்சபட்சக் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இந்த இரண்டு பையன்களும் எடுத்த முடிவு பெரும்பாலும் எங்கள் வீட்டு முன்னறையில்தான் பேசி முடிவானது. காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த வரைக்கும் புரோகிராம் எழுதுவதில் அவர்கள் ஒரு நாளும் திணறவில்லை. திணறியதெல்லாம் கூச்சத்தில்தான். விலை சொல்லக் கூச்சம். தெரிந்தவரிடம் பணம் கேட்கக் கூச்சம். கூட்டாளியிடம் "எழுதி வைத்துக்கொள்வோமா" என்று கேட்கக் கூச்சம். நம் ஊர்களில் பணப் பேச்சைத் தள்ளிப் போடுவதுதான் மரியாதை என்று வளர்த்துவிட்டோம். கம்பெனி நடத்த அது உதவாது.

அவர்கள் செய்வது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் இரண்டு மூன்று ஆப்செட் மெஷின் வைத்திருக்கும் சின்ன பிரஸ்களுக்கு ஒரு சாப்ட்வேர். ஒரு நோட்டீஸோ காலண்டரோ அடிக்க வேண்டுமென்றால் எத்தனை ரீம் பேப்பர், எத்தனை பிளேட், வேஸ்டேஜ் எவ்வளவு, லேமினேஷன், டை கட்டிங், பைண்டிங் எல்லாம் சேர்த்து என்ன கொட்டேஷன் கொடுக்கலாம் என்று கணக்குப் போடும். அப்புறம் அந்த வேலைக்கு ஒரு ஜாப் கார்டு போட்டு, வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும். அவ்வளவுதான். தங்கை மகன் பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தவன். மாணவன் பிரஸ்களுக்கு மையும் பிளேட்டும் விற்கும் ஏஜென்சியில் எட்டு வருடம் சுற்றியவன். பெயர் போட வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.

முதல் முடிவு, எதைச் செய்யாமல் விடுவது. தங்கை மகனுக்கு ஆசை பெரிசு. கணக்கு வழக்கு, சம்பளம், ஜிஎஸ்டி பில் எல்லாம் ஒரே சாப்ட்வேரில் வர வேண்டும் என்றான். மாணவன் ஒரே கேள்விதான் கேட்டான்: "எல்லா பிரஸ்லயும் டாலி ஓடுது. ஆடிட்டரும் அதைத்தான் கேப்பாரு. அதை எடுத்துட்டு நம்மளோடதை எதுக்கு வைக்கணும்?" அதனால் டாலி தொடாத இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பென்சிலும் கால்குலேட்டரும் வைத்து முதலாளி தானே போடும் கொட்டேஷன் கணக்கு. அதில் தப்பினால் அவருக்கு நேரடி நஷ்டம். வலிக்கிற இடத்துக்குத்தான் மருந்து விற்கும்.

சென்னையில் ப்ரெஷ்டெஸ்க் ஆரம்பித்த கதையும் இதைப் போன்றதுதான். கிரிஷ் மாத்ருபூதம் 2010ல் அதைத் தொடங்கியதற்குக் காரணம், அதே வேலையைச் செய்யும் வேறொரு நிறுவனம் விலையை ஏற்றியதும் வாடிக்கையாளர்கள் கோபப்பட்ட செய்தியை அவர் வாசித்தது. வாங்க ஆள் இருக்கிறது, அவர்களுக்கு ஒரு குறையும் இருக்கிறது என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம். ஒரு டீச்சருக்கு இதைக் கேட்டால் சந்தோஷம் வராதா!

இரண்டாவது, விலை. பையன்கள் மாதம் 300 ரூபாய் என்று முடிவு செய்துகொண்டு வந்தார்கள். "குறைச்சலா வச்சா நிறையப் பேர் வாங்குவாங்க பெரியம்மா" என்றான். ஒரு பேப்பரை எடுத்துச் செலவை எழுதச் சொன்னேன். இரண்டு குடும்பத்துக்கும் வீட்டுச் செலவு 28,000 வீதம் 56,000. சர்வர் வாடகை, இன்டர்நெட், போன் 6,000. பெட்ரோல், பஸ் 5,000. ஆடிட்டர், பதிவுச் செலவு சராசரி 3,000. மருத்துவக் காப்பீடு 2,500. கைச்செலவு 2,500. மொத்தம் மாதம் 75,000. காப்பீட்டை நான்தான் சேர்க்கச் சொன்னேன். வேலையை விட்ட மறுநாளே கம்பெனி கொடுத்த காப்பீடு போய்விடும், இதை நிறையப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

75,000த்தை 300ஆல் வகுத்தால் 250. இரண்டு பேர் 250 பிரஸ்ஸுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்து, அத்தனை போனையும் எடுத்துப் பதில் சொல்லி, ஒவ்வொரு மாதமும் 250 பேரிடம் 300 ரூபாய் வசூல் செய்ய வேண்டும். நடக்கிற காரியமா? கடைசியில் வருடத்துக்கு 15,000, முன்பணமாக, என்று முடிவானது. வருடச் செலவு 9 லட்சம். 15,000 ஆல் வகுத்தால் 60 பிரஸ். இது நடக்கக்கூடிய எண். ஒரு பெரிய ஆர்டரில் பேப்பர் கணக்கைத் தப்பாகப் போட்டால் முதலாளிக்கு இதைவிட அதிகம் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் ஒரு பிரஸ்ஸில் 31 வருடம் கணக்கு எழுதியவர்.

மூன்றாவது, எப்போது விற்பது. இதுவும் அவர் சொன்னதுதான். "ஆடி பதினெட்டுக்கு அப்புறம் எந்த பிரஸ் வாசல்லயும் போய் நிக்காதீங்கப்பா" என்றார். சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும், ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து மார்கழி வரைக்கும் முதலாளிக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. தை பிறந்த பிறகுதான் உட்கார்ந்து பேசுவார், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளவும் சம்மதிப்பார். ஆகவே விற்பது தை முதல் ஆனி வரை. ஆடிக்குப் பிறகு வாங்கியவர்களைக் கவனிப்பது மட்டும். நீங்கள் எந்தத் தொழிலுக்கு சாப்ட்வேர் செய்தாலும் அந்தத் தொழிலின் பஞ்சாங்கத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு விற்கப் போகிறவன் ஜூன் முதல் வாரத்தில் தலைமையாசிரியர் அறைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்!

நான்காவது, பதிவு. சும்மா கூட்டு வியாபாரமாக நடத்தினால் கடனுக்கு இருவரின் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் அந்தப் பயம் குறைவு. ஆனால் கம்பெனி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வருடா வருடம் ஆடிட் கட்டாயம். நடுவில் எல்எல்பி என்று ஒன்று 2008ஆம் வருடச் சட்டத்தில் வந்தது. பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும். வருட வரவு 40 லட்சத்தையும், போட்ட முதல் 25 லட்சத்தையும் தாண்டாத வரை அந்தச் சட்டப்படி ஆடிட் வேண்டாம். ஆனால் வியாபாரமே நடக்காவிட்டாலும் வருடக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும், தவறினால் அபராதம். பெரிய முதலீட்டாளரிடம் பணம் வாங்கும் எண்ணம் இருக்கிறவர்கள் பிரைவேட் லிமிடெட்டே போடுவார்கள், ஏனென்றால் எல்எல்பியில் ஷேர் கொடுக்க முடியாது. இவர்களுக்கு அந்த எண்ணம் இல்லை. எல்எல்பி போட்டார்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் மாநிலத்தில் சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்துவிட்டால் சாப்ட்வேருக்கு 18 சதவீதம் வாங்க வேண்டும், 15,000 என்பது 17,700 ஆகும், ரிட்டர்னும் விடாமல் போட வேண்டும். இவர்கள் கணக்கு 9 லட்சம்தான் என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று ஆடிட்டர் சொன்னார். வெளிநாட்டு நிறுவனத்தின் பில்லில் சர்வரோ வேறு சேவையோ வாங்கினால் இந்தக் கணக்கு மாறும், அதை உங்கள் ஆடிட்டரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். அந்தப் பதிவு இருந்தால் சிறு தொழில் சட்டப்படி வாங்கியவர் 15 நாளில், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், பணம் தர வேண்டும். சட்டம் துணைக்கு இருக்கட்டும். ஆனாலும் முன்பணம் வாங்குவதுதான் நிம்மதி.

ஐந்தாவதுதான் முக்கியமானது. கூட்டாளிகளுக்கு இடையில் எழுதி வைப்பது.

"நாங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி டீச்சர், எதுக்கு எழுத்து?" என்று மாணவன் கேட்டான். அண்ணன் தம்பிகள் வரப்புக்குச் சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போனதை நம் ஊரில் பார்க்காதவர் உண்டா? சண்டை வரும் என்று எழுதுவதில்லை. எழுதி வைத்ததால் எத்தனையோ சண்டை வராமல் போகும். அவர்கள் எழுதியது இவ்வளவுதான்: ஆளுக்கு 5 லட்சம் முதல். மாதம் யார் எவ்வளவு எடுக்கலாம். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு. கருத்து வேறுபட்டால் விலை, விற்பனை விஷயத்தில் மாணவன் சொல்வது, சாப்ட்வேர் விஷயத்தில் தங்கை மகன் சொல்வது. பாதிப் பாதிப் பங்கு, ஆனால் அது முதல் நாளே முழுசாகக் கைக்கு வராது, நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஒரு வருடத்தில் ஒருவன் விலகினால் அவன் பங்கில் கால்வாசிதான் அவனுக்கு. இந்த ஒரு வரியை எழுத மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

சாப்ட்வேர் யாருக்குச் சொந்தம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, வேலையில் இருந்துகொண்டு அந்த வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குச் சொந்தம். அதனால் தங்கை மகன் பெங்களூர் ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரி கூட எழுதவில்லை. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட பேப்பரையும் எடுத்துப் படித்துவிட்டுத்தான் ராஜினாமா செய்தான். வெளியாள் ஒருவர் கூலிக்கு எழுதிக் கொடுத்தால் கதை வேறு. பணம் கொடுத்துவிட்டோம் என்பதால் மட்டும் அது நமதாகிவிடாது, எழுத்தில் உரிமை மாற்றி வாங்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரீன் வரைந்து கொடுத்த பையனிடம் இரண்டையும் எழுதி வாங்கினார்கள்.

இனி சொந்தக்காரர்களுக்கு.

தங்கை மகனிடம் மூன்று லட்சம்தான் இருந்தது. மீதி இரண்டு லட்சத்துக்கு என் தங்கை என்னிடம் வந்தாள். என் ஓய்வூதியப் பணத்தில் இருந்தது. தருகிறேன் என்றேன். பேங்க் மூலமாகத்தான் தருவேன், கடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மூன்றாம் வருடத்தில் இருந்து மாதம் 10,000 திருப்ப வேண்டும், கம்பெனியை மூடினாலும் வேலைக்குப் போய்த் திருப்ப வேண்டும் என்றேன். (20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். இதுவும் நிறையப் பேருக்குத் தெரியாது.) தங்கை முகம் மாறிவிட்டது. "எம் மகன் உனக்கும் மகன்தான்னு சொல்லுவியே அக்கா, இப்ப பேப்பரைக் கேக்குறியே" என்றாள். இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சொந்தத்தில் இரண்டு மூன்று பேர் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று பேசியதும் காதுக்கு வந்தது.

நான் மாற்றிக்கொள்ளவில்லை. பணத்தைச் சும்மா கொடுத்திருந்தால் அவன் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலை குனிந்து வருவான். விசேஷ வீட்டில் நான் புதுச் சேலை கட்டினால் அவனுக்கு உறுத்தும். அவன் ஒரு வண்டி வாங்கினால் எனக்கு உறுத்தும். எழுதிக் கொடுத்த கடனில் அந்த உறுத்தல் கிடையாது. தேதி வந்தால் கொடுக்கப் போகிறான். தங்கை தீபாவளிக்குத் தானாக வந்தாள். இந்த மாதம் முதல் 10,000 என் கணக்கில் ஏறியது. அவளிடம் சொன்னேன். "அவன் எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டான்" என்றாள்.

இன்னொன்றும் எழுதி வைக்கச் சொன்னேன், நிறுத்தும் தேதி. இரண்டாம் வருடம் சித்திரை முடிவதற்குள் 30 பிரஸ் வராவிட்டால் இருவரும் வேலை தேடிப் போவது, நகையில் கை வைப்பதில்லை என்று இரண்டு பேரின் மனைவிகளும் இருக்கும்போதே எழுதினார்கள். இதைச் சொன்னால் அபசகுனம் மாதிரி நினைக்கிறீர்கள். தேதி இல்லாவிட்டால் "இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்" என்று தாலிக்கொடி வரை போய்விடும்.

என்ன நடந்தது என்று கணக்கோடு சொல்கிறேன். முதல் வருடம் 11 பிரஸ். முதல் ஐந்துக்குப் பாதி விலை, 7,500. இலவசமாகக் கொடுக்கவில்லை. சும்மா கிடைத்ததை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மாணவனின் சொந்த மாமா ஒருவர் பிரஸ் வைத்திருக்கிறார். "நம்ம பயதானே, எனக்கும் காசா?" என்றார். "மாமா, காசு வாங்கினாத்தான் நீங்க ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் நான் எடுப்பேன்" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். இன்று அவர்தான் மற்றவர்களிடம் எடுத்துச் சொல்கிறார். ஆக வரவு 1,27,500. செலவு 9 லட்சம்.

அந்த ஐப்பசியில் ஒரு பெரிய பிரஸ்ஸில் இருந்து ஆள் வந்தது. தங்களுக்குத் தனியாகச் செய்து கொடுத்தால் 4 லட்சம், ஆனால் மூன்று வருடம் வேறு எந்த பிரஸ்ஸுக்கும் விற்கக் கூடாது. அப்போது கையிருப்பு மூன்றே முக்கால் லட்சம், ஐந்து மாதச் செலவு. இரண்டு நாள் தூங்கவில்லை பையன்கள். "நீங்க கேக்குறதை எல்லாருக்கும் பயன்படுற மாதிரி செஞ்சு தர்றோம், மத்தவங்க மாதிரி வருசக் கட்டணம் கட்டுங்க" என்று பதில் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று வரை வாங்கவும் இல்லை. ஆனால் வாங்கியிருந்தால் இவர்கள் ஒரு முதலாளியின் சம்பளம் இல்லாத வேலைக்காரர்கள் ஆகியிருப்பார்கள். ஸ்ரீதர் வேம்புவின் கம்பெனி 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்தபோது தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களைத்தான் நம்பி இருந்தது. 2001 வாக்கில் அந்தத் துறை சரிந்ததும் வேறு வாடிக்கையாளர்களுக்கான சாப்ட்வேருக்குத் திரும்பினார்கள். வெளி முதலீடும் வாங்கவில்லை. பிறகு ஸோஹோ என்று பெயர் பெற்று, தென்காசிப் பக்கம் வரை வேலை வந்தது. ஒரே தூணில் வீட்டை நிறுத்தக் கூடாது என்பதற்கு அது போதும்.

இரண்டாம் வருடம் பழைய 11ல் ஒன்பது பேர் மறுபடி கட்டினார்கள், புதிதாக 24. சித்திரை முடிந்தபோது 33. நிறுத்தும் எண்ணுக்கு மேலே மூன்றே மூன்று! அந்த வருடமும் 1,77,500 ரூபாய் துண்டு விழுந்தது. எப்படியும் ஆடிக்குப் பிறகு விற்பனை கிடையாது என்பதால், தங்கை மகன் ஒரு கல்லூரியில் சாயங்கால வகுப்பு எடுத்து அதை ஈடு கட்டினான். இந்த வருடம் போன் எடுத்துப் பதில் சொல்ல உள்ளூர்ப் பெண் ஒருத்தியை அரை நாள் வேலைக்கு 7,000 சம்பளத்தில் வைத்தார்கள். இன்னொரு புரோகிராமரை வைக்காமல் இவளை வைத்தது நல்ல முடிவு. பிரஸ்காரர்கள் கேட்பது புது வசதி இல்லை, கூப்பிட்டால் எடுக்கும் ஆள். அவள் சம்பளத்தோடு இப்போது 66 பிரஸ் வேண்டும். இன்று வரை 58. இன்னும் எட்டு. ஆனி வரைக்கும் நேரம் இருக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, யாரையும் "போ" என்றும் சொல்லவில்லை, "போகாதே" என்றும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து நாலு விஷயம் எழுதுங்கள்: மாதச் செலவு, விலை, எத்தனை பேர் வாங்க வேண்டும், எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள். அதை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ, அம்மா அப்பாவிடமோ வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது எந்த வரியில் குரல் இறங்குகிறதோ, அந்த வரியைத்தான் இன்னும் சரியாக யோசிக்க வேண்டும்.

பெற்றவர்களே, பையன் அந்தத் தாளோடு வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். தாள் இல்லாமல் வந்தால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கொடுங்கள்.

வேறு சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். சட்ட விஷயம் என்றால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். வகுத்தல் கணக்கு என்றால் நான் இருக்கிறேன்.

அனைவரும் நலமோடு இருங்கள்.